மின்னஞ்சல் வாயிலும் தமிழ் மடலும்



மொழி மன்றத்தின் பொதுப்பொழிவுக்கு மின்னஞ்சல் வழங்கிகளின் இணைப்பு ஏற்ற பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் அவையில் கணினிக்கும் கம்பிக்கும் என்ன வேலை என்றும் கேட்கலாம். விடை எளிது. இன்று நம் சங்கங்களும் பள்ளிகளும் எழுதும் மடல்களுள் மிகப் பல தாளில் செல்வதில்லை. அவை ஓர் அமைப்பிலிருந்து வேறோர் அமைப்புக்குக் கைமாறிச் செல்கின்றன. அவ்வாறு கைமாறும் இடத்தையே 'வாயில்' என்கிறோம். கணினி வழி சென்ற தமிழ் எழுத்து சிதைந்தபோதெல்லாம், பெரும்பாலும் சிதைந்த இடம் எழுதியவரின் மேசையோ படித்தவரின் மேசையோ அன்று, இடையிலிருந்த வாயிலே. ஆகவே வாயிலைப் பேசுவது மொழியின் நலத்தைப் பேசுவதேயாகும்.

ஜொகூர் மக்களுக்கு வாயில் புதிய செய்தி அன்று. 1909இல் இருப்புப் பாதை ஜொகூர் பாருவை எட்டியபோது, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் வேறோர் இருப்புப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் படகேறிக் கடந்தனர். சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றப்பட்டுக் கடந்தன. 1923இல் தரைப்பாலத்தின் மேல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது; 1924 ஜூன் 28 அன்று பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளத்தின் அகலம் ஒரே அளவாக, ஒரு மீட்டராக இருந்தது. அதனால் பெட்டியைத் திறந்து சரக்கை இறக்கி ஏற்றும் தேவை எழவில்லை. மின்னஞ்சலிலும் இதே நிலைதான். இரு புறமும் அளவு ஒத்திருந்தால் மடல் அப்படியே செல்லும். ஒவ்வாவிடில் யாரேனும் ஒருவர் அதைத் திறந்து மாற்றிக் கட்ட வேண்டும். அவ்வாறு கட்டும் கை எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே இவ்வுரையின் வினா.

வாயில் தோன்றிய வரலாறு

1980களில் இணையம் என்ற ஒரே வலை இருக்கவில்லை. பல வலைகள் தனித்தனியே இயங்கின. யுனிக்ஸ் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றையொன்று அழைத்து மடல்களைக் கைமாற்றிய யு.யு.சி.பி. வலையில், முகவரி என்பது வழியின் பட்டியலாக இருந்தது. எந்தக் கணினி, அடுத்து எந்தக் கணினி, முடிவில் எந்த ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் இடையில் வியப்புக்குறி இட்டு எழுதினர். 1981இல் தொடங்கிய பிட்நெட் வலையில் ஐ.பி.எம். பெருங்கணினிகள் மிகுந்திருந்தன, அவை எழுத்துகளுக்கு வழங்கிய எண்களே வேறு. அமெரிக்க ஆய்வு வலையில் நாம் இன்று அறிந்த '@' குறி வழங்கியது. இவற்றை இணைக்க கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய 'செண்ட்மெயில்' என்னும் மென்பொருள், ஒரு வலையின் முகவரியை மற்றொரு வலையின் முகவரியாக விதிப்படி மாற்றி எழுதியது. மின்னஞ்சல் வாயில் என்ற கருத்து பரவலாக வேரூன்றியது அப்போதுதான்.

மலேசியாவிலும் இதே வரிசைதான். 1985இல் மைமோஸ் அமைக்கப்பட்டது. 1987இல் அது உருவாக்கிய 'ராங்கோம்' என்னும் மலேசியக் கணினி வலை பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைத்தது. 1992இல் 'ஜாரிங்' வழியாக நாடு இணையத்தோடு நேரடித் தொடர்பு பெற்றது.

அக்கால வாயிலுக்கு இரண்டு பணிகள் இருந்தன. ஒன்று, உறையின் மேலுள்ள முகவரியை மறுகரை அறியும் வடிவில் எழுதுவது. மற்றொன்று, உறைக்குள் இருப்பதைச் சிதையாமல் சேர்ப்பது. முதற்பணியை வாயில்கள் திறம்படச் செய்தன. இரண்டாவது பணியில்தான் தமிழுக்கு இடர் நேர்ந்தது.

எட்டாம் பிட்டும் தமிழும்

1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் மடல் கடத்து நெறி, ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகளை மட்டுமே உறுதி செய்தது. ஏழு பிட்டுகளால் 128 குறிகள் கிடைக்கும். ஆங்கிலத்திற்கு அது போதும். தமிழ் எழுத்துருக்களை அமைத்தவர்கள் முதல் 128 இடங்களை ரோமன் எழுத்துக்கு விட்டு, 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தனர். எட்டாம் பிட்டை ஒரு வாயில் அகற்றிவிட்டால், ஒவ்வோர் எண்ணிலும் 128 குறைந்துவிடும்.

இதன் விளைவை ஒரு சொல்லில் காட்டலாம். திஸ்கி என வழங்கும் தரத்தில் 'தமிழ்' என்னும் சொல் 190, 193, 162, 250 என்ற நான்கு எண்களாகச் சேமிக்கப்படும். எட்டாம் பிட்டு போனால் அவை 62, 65, 34, 122 ஆகின்றன. பெறுபவர் திரையில் தோன்றுவது ஒரு கணிதக் குறி, ரோமன் நெடுங்கணக்கின் முதல் எழுத்து, ஒரு மேற்கோள் குறி, அந்நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. தமிழ் என்ற பெயரே தடமின்றிப் போய்விடும். இத்துன்பம் கண்டே பலர் தமிழை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து மடல் எழுதினர்.

அந்நாளில் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யையும், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவையும் உருவாக்கினர். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவந்த முரசு மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' என்னும் பெயர் பெற்றது. தமிழ் மென்பொருளொன்று அஞ்சல் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே ஏற்றது பொருள் பொதிந்தது.

1992இல் நத்தானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த 'மைம்' நெறி இடரின் பாதியைத் தீர்த்தது. எட்டுப் பிட்டுச் செய்தியை ஏழு பிட்டுப் பாதையில் எப்படி அனுப்புவது? மூன்று பைட்டுகளை நான்கு எளிய குறிகளாக மாற்றிக் கட்டி அனுப்பலாம், மறுமுனையில் அவிழ்க்கலாம். அதற்குத் தெரிந்தெடுத்த 64 குறிகளும், ஐ.பி.எம். கணினிகள் உட்பட அன்றிருந்த வெவ்வேறு எழுத்து முறைகளிலெல்லாம் மாறாது கடக்கக்கூடியவை. பெட்டியைத் திறக்காமல் மிதவையில் ஏற்றிக் கடத்தும் முறை என இதைக் கொள்ளலாம்.

எஞ்சிய பாதி, பெட்டியின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு. உள்ளே இருப்பது எந்த எழுத்துமுறை என்று மைம் கேட்டது. தமிழால் ஒரே விடை தர முடியவில்லை. திஸ்கி ஒருபுறம், 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு அறிவித்த டேப், டேம் தரங்கள் ஒருபுறம், நிறுவனந்தோறும் வெவ்வேறு எழுத்துரு மற்றொருபுறம். திஸ்கியின் பெயர் உலகப் பதிவேட்டில் இடம்பெற்றதே 2007இல்தான். சீட்டில்லாப் பெட்டியை வாயில் ஊகத்தால் மாற்றினால் பிழை உறுதி. ஏனெனில் அம்முறைகள் எண்ணில் மட்டுமன்றி வரிசையிலும் வேறுபட்டன. திஸ்கியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் முறையில் கொம்பு, ககரம், கால் என்று வைத்தனர். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். ஒன்றை மற்றொன்றாக்க அட்டவணை மட்டும் போதாது. தமிழ் எழுத்தின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருங்குறி வந்த பின்னும்

இன்று ஒருங்குறியே வழக்கு. அதன் யு.டி.எப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு. இனி வாயிலுக்கு வேலையில்லை என்று எண்ணுவது பொருந்தாது. மூன்று இடங்களில் இன்றும் கவனம் வேண்டும்.

முதலாவது, பொருள் வரி. மடலின் தலைப்பில் தமிழ் எழுதினால் அதைக் குறியாக்கிய துண்டுகளாக அனுப்புவர். ஒரு துண்டு 75 குறிகளுக்கு மிகலாகாது. சீட்டுக்குரிய 12 குறிகளைக் கழித்தால் ஒரு துண்டில் 45 பைட்டு, அதாவது 15 தமிழ்க் குறியெண்கள் மட்டுமே அடங்கும். 'ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு' என்னும் பொருள் வரியைப் பாருங்கள். இடைவெளிகள் உட்பட 77 பைட்டு. ஆகவே இரண்டு துண்டு தேவை. ஓர் எழுத்தின் பைட்டுகளை இரு துண்டுகளில் பிரிக்கலாகாது என்பது விதி. விதியறியாத வாயில் சரியாக 45ஆம் பைட்டில் வெட்டினால், அக்கத்தி 'பொதுக்கூட்ட' என்பதிலுள்ள ஊகாரக் குறியின் மேல் விழும். இரண்டு பைட்டு இப்பக்கம், ஒன்று அப்பக்கம். உறுப்பினர் காண்பது 'பொதுக்க' என்னும் அரைச் சொல்லும், அதனை அடுத்து வினாக்குறிக் கட்டங்களும்.

இரண்டாவது, வரி நீளம். மடலின் ஒரு வரி 998 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் அது நீண்ட பத்தி; தமிழில் 332 குறியெண்களே. இடையில் வரி முறிக்காமல் தட்டச்சு செய்த அறிக்கைப் பத்தி ஒன்று இதை எளிதில் கடந்துவிடும். குறியாக்கிக் கட்டாமல் அனுப்பினால் வழியிலுள்ள ஏதேனும் ஒரு வாயில் அதை நடுவில் முறிக்கலாம்.

மூன்றாவது, முத்திரை. அனுப்பும் அமைப்பு மடலுக்கு மின்கையொப்பம் இடுவது இன்றைய நடைமுறை; டி.கே.ஐ.எம். எனப்படும் அந்நெறி 2007இல் தரமாயிற்று. கட்டப்பட்ட வடிவத்தின் மேல்தான் கையொப்பம் இடப்படும். இடைவாயில் மடலை அவிழ்த்து வேறு முறையில் கட்டினால், ஓர் எழுத்தும் மாறாவிடினும் முத்திரை உடைந்துவிடும். முத்திரை உடைந்த மடலைப் பெறுபவரின் அமைப்பு ஐயத்துக்குரிய மடல்களோடு ஒதுக்கி வைக்கக்கூடும். குளுவாங்கிலுள்ள பெற்றோர் ஒருவருக்கு உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளை அறிவிக்கும் மடல் அவ்வாறு ஒதுங்கினால், இழப்பு தொழில்நுட்பத்திற்கு அன்று, அந்தப் பிள்ளைக்கு. ஆகவே புறப்படும் இடத்திலேயே பாதுகாப்பாகக் கட்டி, அதன்பின் முத்திரையிடுவதே முறை.

முகவரியில் தமிழ்

இதுகாறும் உறைக்குள் இருப்பதைப் பேசினோம். இனி உறையின் மேலுள்ளதைப் பேசுவோம்.

தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர் ஊருக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே தமிழ். உறையின் மேல், எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதிய ஆங்கில முகவரி. மின்னஞ்சலிலும் நெடுநாள் அதே நிலைதான்: உள்ளே தமிழ், மேலே ரோமன் எழுத்து. 2012 பிப்ரவரியில் வெளியான பன்னாட்டு மின்னஞ்சல் தரங்கள் இந்நிலையை மாற்றின. '@' குறிக்கு இருபுறமும் தமிழே எழுத வழி பிறந்தது. 2014இல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கியது. 2015இல் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் பரவலான வழங்கி மென்பொருளும் அத்திறன் பெற்றது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தமிழில் உயர்நிலை ஆள்களப் பெயர் உண்டு. பாலத்தின் அக்கரையில் '.சிங்கப்பூர்' 2011 முதல் இருக்கிறது.

இத்தரங்கள் உருவான வகையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. முதலில் வந்த சோதனைத் தரத்தில், மறுகரை புதிய முகவரியை அறியாவிட்டால் இடைவாயிலே அதை ரோமன் முகவரியாகத் தாழ்த்தி அனுப்பலாம் என்று வைத்திருந்தனர். 2012இன் தரத்தில் அம்முறை நீக்கப்பட்டது. வழியில் முகவரியை மாற்றினால் மறுமொழி எங்கே செல்லும், கையொப்பம் என்னாகும் என்ற சிக்கல்கள் பெருகின. இன்றைய நெறி தெளிவானது: அடுத்த வழங்கிக்குத் திறன் இருந்தால் மடலை அப்படியே கொடு, இல்லையெனில் காரணம் கூறித் திருப்பி அனுப்பு. சிதைத்துச் சேர்ப்பதைவிடத் திருப்பித் தருவது நேர்மையானது என்பதே அதன் உட்பொருள். நாம் வாயில் அமைக்கும்போது கைக்கொள்ள வேண்டிய கொள்கையும் இதுவே.

ஆனால் திரும்பிவரும் மடல் எழுதியவரைச் சோர்வடையச் செய்யும். பெறுபவரின் முகவரி ரோமன் எழுத்தில் இருந்தாலும், அனுப்புநரின் முகவரி தமிழாக இருந்தால் பெறும் வழங்கிக்குப் புதிய திறன் வேண்டும் என்பதைப் பலர் அறியார். இதற்குத் தீர்வு இரட்டை முகவரி. ஒவ்வொரு தமிழ் முகவரிக்கும் இணையாக ஒரு ரோமன் முகவரி. இரண்டும் திறப்பது ஒரே பெட்டியை. திறனுள்ள இடத்திற்குத் தமிழ் முகவரியிலிருந்தும், திறனற்ற இடத்திற்கு ரோமன் முகவரியிலிருந்தும் எழுதலாம். எந்த முகவரியிலிருந்து எழுதுவது என்பதை மடலுக்கு உரியவரே முடிவு செய்கிறார், இடைவாயில் அன்று.

முகவரிப் பட்டியலை அமைப்பவருக்குத் தமிழறிவு வேண்டும். 'ஔவை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஔகாரத்தை ஒரே குறியெண்ணாக இடலாம். ஒகரத்தோடு ஔகார நீட்டல் குறி சேர்த்தும் இடலாம். இவ்விரண்டும் ஒன்றே எனக் கணினி அறிய, இயல்பாக்கம் என்னும் முறை உண்டு. அதனை வழங்கியில் முடுக்கிவிட வேண்டும். ஆனால் பலர் ஒகரத்தை அடுத்து ளகர எழுத்தையே தட்டுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அது 'ஒளவை' என்னும் வேறு ஆள். அவ்வடிவத்தையும் அதே பெட்டிக்குச் சேர்த்துவைப்பவரே நல்ல நிர்வாகி. அதுபோல் ககரமும் தமிழ் எண் ஒன்றும் தோற்றத்தில் ஒன்றே. ஒன்றை மற்றொன்றாக எழுதி ஏமாற்ற இடமிருப்பதால், முகவரியில் தமிழ் எண்களை ஏற்காதிருத்தல் நன்று.

அளவும் கருதத்தக்கது. '@' குறிக்கு முன்னுள்ள பகுதி 64 பைட்டுக்கு மிகலாகாது. தமிழில் 21 குறியெண்கள். 'கணியன்பூங்குன்றனார்' 19 குறியெண்களில் அடங்கிவிடுவார். 'தமிழ்ப்பள்ளிச்செயலாளர்' 22 ஆகி எல்லை தாண்டுவார். 'பள்ளிச்செயலாளர்' என்றால் போதும்.

நிர்வாகக் கடமைகள்

நம் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் சொந்த ஆள்களப் பெயரில் மடல் அமைப்பு வைத்து, அதை வெளி அமைப்புகளோடு இணைக்க முற்பட்டால், பின்வருவனவற்றை முன்வைக்கிறோம்.

முதலில் மடலின் உடல், பிறகு பொருள் வரி, இறுதியில் முகவரி என்ற வரிசையில் தொடங்குக. உள்ளடக்கம் சிதையும் அமைப்பில் தமிழ் முகவரி வைப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குக் கோபுரக் கலசம் வைப்பது போன்றது.

பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி அமர்த்துக. ஒவ்வோர் ஆள்களமும் 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் முகவரியில் மடல் ஏற்க வேண்டும் என்பது தரத்தின் கட்டளை. அங்கு வரும் முறையீட்டைப் படிக்க ஆள் இல்லையெனில் வாயிலுக்குக் காவல் இல்லை என்பதே பொருள்.

சுழலைத் தடுக்க. ஒரு வழங்கி மற்றொன்றுக்கும், அது மீண்டும் முதலாவதற்கும் மடலை அனுப்பிக்கொண்டே இருக்கும் நிலை இரு அமைப்புகளை இணைக்கும்போது நேரக்கூடியது. ஒவ்வொரு வழங்கியும் தலைப்பில் தன் வருகைக் குறிப்பைப் பதிக்கும். அக்குறிப்புகள் மிகுந்தால் மடலை நிறுத்தும்படி அமைக்க வேண்டும். அவ்வெல்லை 100க்குக் குறையாதிருப்பது வழக்கம். சேராமைக்கான அறிவிப்பு மடலை வெற்று அனுப்புநர் முகவரியோடே அனுப்ப வேண்டும். இல்லையெனில் அறிவிப்புக்கு அறிவிப்பு என்று அதுவே ஒரு சுழலாகும்.

திருப்பி அனுப்பும் அறிவிப்பைத் தமிழிலும் எழுதுக. சிகாமட்டிலுள்ள ஒரு மூதாட்டியார் பேரனுக்கு எழுதிய மடல் திரும்பினால், ஏன் திரும்பியது, அடுத்து என்ன செய்யலாம் என்பது அவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும்.

பழைய மடல்களை மாற்றும்போது மூலத்தை அழிக்காதீர். திஸ்கியிலும் பிற எழுத்துருக்களிலும் உள்ள 1990களின் மடல்கள் மலேசியத் தமிழர் வரலாற்றின் ஆவணங்கள். ஒருங்குறிப் படி ஒன்றை உருவாக்கி, மூலத்தை அருகிலேயே வைத்திடுக. மாற்றியில் பிழை உண்டு என்று பின்னாளில் தெரியவந்தால், மீண்டும் மாற்ற மூலம் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருட்செலவு தேவையில்லை. தேவைப்படுவன வழங்கியை அமைக்கத் தெரிந்த ஓர் இளைஞரும், ஔகாரத்திற்கும் ஒகர ளகரத்திற்கும் வேறுபாடறிந்த ஓர் ஆசிரியரும். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் வேலையை மொழி மன்றத்தைவிட நன்கு செய்யத்தக்கவர் யார்? ஜொகூரின் ஒவ்வொரு வட்டாரத்திலும் அத்தகைய இருவரைக் கண்டறிந்து பயிற்றுவிக்கும் பணியை இம்மன்றம் மேற்கொள்ள வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.